ஃபூட், குட், ப்ளட்: எழுத்து ஒன்று, ஓசை மூன்று

ஜூன் 3, மாலை 6.40 (ஒரு வாசகரின் கேள்வி)

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்து ஆங்கிலச் சொல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரைமிங் வேர்டும் அதன் அர்த்தமும் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ‘ஃபூட்’ (சாப்பாடு) என்பதற்கு ‘குட்’ (நல்ல) என்று எழுதியிருந்தாள், தப்பு போட்டுவிட்டார்கள். இரண்டிலும் கடைசி மூன்று எழுத்து ஓ, ஓ, டி தானே? ஒரே மாதிரி முடிந்தால் ரைம் என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்தேன். யார் மேல் தப்பு?

ஜூன் 3, இரவு 9.15

தப்பு போட்டது சரி. குழந்தையையும் குறை சொல்ல முடியாது. “ஒரே மாதிரி முடிந்தால்” என்ற விளக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது. எது ஒரே மாதிரி முடிய வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முடிய வேண்டியது ஓசை. ஸ்பெல்லிங்கைப் பார்க்கவே கூடாது, சொல்லை வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும்.

‘ஃபூட்’ நெடிலாக நீள்கிறது, ‘குட்’ குறிலாக நின்றுவிடுகிறது. இதே எழுத்துகளோடு ‘ப்ளட்’ (ரத்தம்) என்று மூன்றாவது ஓசையும் உண்டு. அதனால் மூன்று தனி வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபூட் வீட்டில் மூட் (மனநிலை), ரூட் (மரியாதை இல்லாத), க்ரூட் (பக்குவப்படுத்தாத, கச்சா), ஃப்யூட் (நாள்பட்ட பகை). குட் வீட்டில் ஹுட் (தலைமூடி), ஸ்டுட் (நின்றான்), தமிழில் ‘குட்’ என்றே எழுத வேண்டிய, ‘முடிந்தது’ என்ற பொருள் கொண்ட துணைவினை, ஷுட், வுட். ப்ளட் வீட்டில் மட் (சேறு), பட் (மொட்டு), ஃப்ளட் (வெள்ளம்), தட் (‘தொம்’ என்று விழும் சத்தம்).

தமிழில் எதுகைக்கு இருக்கும் அதே கணக்குதான். கற்க, நிற்க: முதல் எழுத்து அளவொத்து நிற்க வேண்டும், இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். ‘பாட்டு’க்கு ‘கட்டு’ எதுகை ஆகாது, ஒன்று நெடில் மற்றொன்று குறில். ஃபூட்டுக்குக் குட் ஆகாததும் அப்படித்தான்.

ஜூன் 4, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அதே கணக்கு என்று சொன்னது அவசரம். எதுகையில் ‘கட்டு’, ‘விட்டு’ சேரும். முதல் எழுத்து இரண்டும் குறில் என்றால் போதும், ஒன்று அகரம் மற்றொன்று இகரம் என்பது பொருட்டில்லை. ஆங்கில ரைமில் அது செல்லாது, அந்த உயிரே ஒன்றாக இருக்க வேண்டும். ‘பேட்’, ‘பிட்’ சேராது. ஆக, ஆங்கிலம் கேட்பது எதுகையைவிட ஒரு படி கூடுதல். அதற்கு நிகராக நம்மிடம் இருப்பது இயைபு, அடியின் கடைசியில் ஒன்றி வருவது. அதுவும் முழுக்கப் பொருந்தாது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், இப்போது கிளம்ப வேண்டும்.

ஜூன் 4, இரவு 10.30

இன்னொருவர் நல்ல யோசனை சொன்னார்: சொற்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ஓசை தெரிந்துவிடுமே, ஸ்பெல்லிங் குழப்பம் இராதே என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பத்துச் சொல் எழுதிப் பார்த்ததும் மாட்டிக்கொண்டது. ஃபூட், ஃப்ரூட் (பழம்). தமிழில் இரண்டும் ‘ஊட்’ என்று முடிகிறது, பார்த்தால் அசல் ரைம். ஆங்கிலத்தில் முதலாவது D-யில் முடிகிறது, இரண்டாவது T-யில், அதாவது சாப்பாட்டுக்கு இருப்பது குரல் சேர்ந்த ஒலி, பழத்துக்கு இருப்பது வெறும் மூச்சொலி. அவை ரைம் ஆகாது. நம் ‘ட்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ‘க்’, ‘ப்’ இரண்டுக்கும் இதே நிலைமை. கோப்பையும் புலிக்குட்டியும் தமிழில் ஒரே ‘கப்’.

இது எனக்கு வெறும் இலக்கணச் சங்கதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொலைபேசியில் ஒருவரிடம் “என் பை உங்களிடம் இருக்கிறதா” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் “உங்கள் முதுகுக்கு என்ன ஆயிற்று?” என்றார். மூன்று முறை சொல்லியும் அவருக்கு முதுகாகவே கேட்டது. பைக்கும் முதுகுக்கும் நான் ஒரே ‘பேக்’ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், பள்ளிக்கூடம் கல்லூரி எல்லாம் தாண்டியும் யாரும் திருத்தவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ரைம் விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

குழந்தைக்குக் காட்ட ஒரு வழி. இரண்டு விரலைக் குரல்வளை மேல் வைக்கச் சொல்லுங்கள். ‘பை’ என்ற பொருளில் பேக் சொல்லும்போது விரலுக்கு அதிர்வு கூடுதல் நேரம் தெரியும், நடுவில் இருக்கும் உயிரும் சற்று நீளும். ‘முதுகு’ என்ற பொருளில் சொன்னால் உயிர் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும், அதிர்வும் அதோடு போய்விடும். காதால் பிடிபடாதது விரலில் பிடிபடுகிறது. பைக்கு ரைம்: டேக், ஃப்ளேக் (கொடி), ட்ரேக் (இழு). முதுகுக்கு ரைம்: பிளேக் (கறுப்பு), சேக் (சாக்கு), லேக் (குறைபாடு). தமிழில் எழுதினால் இந்த ஆறும் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். அதனால் பட்டியலை ஆங்கில எழுத்திலேயே எழுதட்டும், சரிபார்ப்பதைக் காதாலும் விரலாலும் செய்யட்டும்.

ஜூன் 5, மதியம் 1.20

“ஓசை வேறு என்றால் ஏன் ஒரே ஸ்பெல்லிங் வைத்தார்கள்?” என்று கேட்டிருந்தார்கள். வைத்தபோது ஓசை ஒன்றாகத்தான் இருந்தது. ஃபூட், குட், ப்ளட் மூன்றிலும் பழைய ஆங்கிலத்தில் ஒரே நீண்ட ‘ஓ’. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் வரிசையாக இடம் மாறின, அந்த ‘ஓ’ மேலேறி ‘ஊ’ ஆனது. ஃபூட் அப்படியே நின்றுவிட்டது. ப்ளட்டும் ஃப்ளட்டும் சீக்கிரமே குறிலாகி அங்கிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்துவிட்டன. குட் தாமதமாகக் குறுகியதால் ‘உ’விலேயே நிற்கிறது. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1476-ல், காக்ஸ்டன் லண்டன் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் கெட்டிப்பட்டது, வாய் மட்டும் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது.

இதற்குச் சாட்சி பழைய கவிதைகளில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 116-ஆம் சானட், 1609-ல் அச்சானது. அதில் ‘லவ்’, ‘ரிமூவ்’ இரண்டும் ரைம். ‘ப்ரூவ்ட்’, ‘லவ்ட்’ ரைம். ‘கம்’, ‘டூம்’ ரைம். இன்றைக்கு வாசித்தால் கண்ணுக்கு மட்டும்தான் சேரும். கவிஞருக்கு அன்று காதுக்கும் சேர்ந்திருக்கும் என்பதே மொழியியல் அறிஞர்களின் கருத்து. 2004-ல் லண்டன் குளோப் அரங்கில் டேவிட் கிரிஸ்டலின் வழிகாட்டுதலில் பழைய உச்சரிப்பிலேயே ஒரு நாடகத்தை நடித்துப் பார்த்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். அன்றைய வாய் எப்படி அசைந்தது என்பதை, ஒலிப்பதிவு எதுவும் இல்லாத காலத்திலிருந்து, ரைம் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஜூன் 5, மதியம் 1.45

சொல்ல விட்டது: ஓ, யூ, ஜி, எச் என்று நான்கு எழுத்து ஒட்டிவரும் சொற்கள். தோ (இருந்தாலும்), த்ரூ (ஊடாக), டஃப் (கடினமான), காஃப் (இருமல்), பௌ (மரக்கிளை). ஐந்தும் ஐந்து ஓசை, ஒன்றுக்கொன்று ரைம் இல்லை. தோ என்பதற்கு கோ, த்ரூ என்பதற்கு ப்ளூ, டஃப் என்பதற்கு ஸ்டஃப், காஃப் என்பதற்கு ஆஃப், பௌ என்பதற்குப் பசுவைக் குறிக்கும் கௌ.

ஜூன் 5, மாலை 5.10

ஒருவர் சேர்த்தது, அருமை: சீப்பு ‘கோம்’, கல்லறை ‘டூம்’, வெடிகுண்டு ‘பாம்’. மூன்றும் ஓ, எம், பி.

ஜூன் 6, இரவு 11.00

அர்த்தம் எழுதுவது பற்றி இன்னும் பேசவில்லை. அதுதான் இதில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிறுவயதில் எனக்கும் ஒரு நோட்டு இருந்தது. இடது பக்கம் சொல், நடுவில் ரைம், வலது பக்கம் அர்த்தம். ஸ்லோ, க்ளோ, ஃப்ளோ, த்ரோ, க்ரோ என்று பதினைந்து இருபது சொல்லைச் சேர்த்துத் தலைகீழாக ஒப்பிப்பேன். தேர்வில் ‘க்ளோ’ மட்டும் தனியாக வந்தபோது கை நின்றுவிட்டது. வரிசை நினைவிருக்கிறது, நாலாவதா ஐந்தாவதா என்று யோசிக்கிறேன், ‘ஒளிர்தல்’ வரவில்லை, ‘ஓடுதல்’ வருகிறது. பாட்டு ஞாபகம் இருந்தது, பொருள் இல்லை. காதில் ஒன்றாக ஒலிக்கும் சொற்களைக் கொத்தாகப் படித்தால் ஒன்றின் அர்த்தம் இன்னொன்றின் மேல் ஏறிவிடுகிறது, எனக்கு நடந்தது அது.

இப்போது என் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மாற்றிக்கொண்டேன். ஒரு தடவைக்கு இரண்டே சொல், இரண்டும் ஒரே காட்சிக்குள் வர வேண்டும். “கோட் (ஆடு) போட் (படகு) மேல் நிற்கிறது.” “மௌஸ் ஹௌஸுக்குள் ஓடியது.” அவன் படம் வரைவான், கீழே சொல்லை எழுதுவான். நான்கு நாள் கழித்துக் கேட்டால் படத்தில் இருந்து சொல்லை எடுக்கிறான். ஓசை ஒரு கயிறு, காட்சி இன்னொரு கயிறு. இரண்டும் இருந்தால் நழுவாது.

ரைமே வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அது பெரிய உதவி. 1983-ல் பிராட்லி, பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சில சொற்களைச் சொல்லி, சேராதது எது என்று காதால் பிரிக்கச் சொன்னார்கள். அதில் நன்றாகச் செய்தவர்கள் பின்னால் வாசிப்பிலும் நன்றாக வந்தார்கள். அதேபோல் 1970-ல் வெளிவந்த ஒரு கணக்கு: 37 முடிவுகளைத் தெரிந்துகொண்டால் ஆரம்ப வகுப்புச் சொற்களில் ஏறக்குறைய 500-ஐ அமைத்துவிடலாம். பேக் (அடுப்பில் சுடு), கேக், லேக் (ஏரி) மாதிரியான முடிவுகள். வாசிக்கக் கற்க ரைம் வரிசை. அர்த்தம் கற்க வரிசை வேண்டாம், வாக்கியம் போதும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடைப்பதுதான் குழந்தைகளைப் படுத்துகிறது.

ஜூன் 7, காலை 6.30

இரவு எழுதியதை மறுபடி வாசித்தேன். ரைமுக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்ற தொனி வந்துவிட்டது, அது முழு உண்மை இல்லை. பம்ப் (வீக்கம், மேடு), லம்ப் (கட்டி), ஹம்ப் (திமில்), க்ளம்ப் (கொத்து), ப்ளம்ப் (கொழுத்த) என்று சொல்லிப் பாருங்கள். எல்லாம் உருண்டு திரண்ட சங்கதி. க்ராஷ், ஸ்மாஷ், பாஷ், க்ளாஷ், ஸ்ப்ளாஷ்: எல்லாவற்றிலும் மோதல் இருக்கிறது. இது விதி இல்லை, ‘ஜம்ப்’ உருண்டையா என்ன? ஆனால் ஆங்கிலக் காதுக்குள் அந்த முடிவுகள் ஏதோ ஒரு சாயலை எழுப்புகின்றன. நம் ‘சடசட’, ‘படபட’, ‘மடமட’ போலத்தான். இந்த மாதிரிக் கொத்துகளை மட்டும் சேர்த்தே படிக்கலாம், அர்த்தம் ஒன்றையொன்று தாங்கும்.

ஜூன் 7, மாலை 4.00

இரட்டைச் சொல் பக்கம் பேச்சு திரும்பியிருக்கிறது, சந்தோஷம். நாம் ‘பணம் கிணம்’, ‘புத்தகம் கித்தகம்’ என்கிறோம், ஆங்கிலத்தில் ‘சூப்பர்-டூப்பர்’, ‘வாக்கி-டாக்கி’, ‘ஹெல்டர்-ஸ்கெல்டர்’ (தலைதெறிக்க, தாறுமாறாக). சிலவற்றில் இரண்டாவது பாதி வெறும் எதிரொலி என்று நினைப்போம், அதற்குள் பழைய பொருள் உட்கார்ந்திருக்கும். ‘வில்லி-நில்லி’ என்றால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். ‘நில்’ என்று ஒரு பழைய வினை இருந்தது, விரும்பாதிருத்தல் என்று பொருள். அது செத்துப்போய் இந்தச் சொல்லுக்குள் மட்டும் உயிரோடு இருக்கிறது. நெருங்கிப் பழகுதலைச் சொல்லும் ‘ஹாப்நாப்’ கூட ‘இருக்கிறது, இல்லை’ என்ற பழைய ஜோடியிலிருந்து வந்ததுதான்.

இதைவிட வேடிக்கை கிழக்கு லண்டன் பேச்சு. படிக்கட்டு ‘ஸ்டேர்ஸ்’, அதற்கு ரைமாக ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்பார்கள். தொலைபேசி ‘டாக் அண்ட் போன்’, நாயும் எலும்பும். 1859-ல் வந்த கொச்சைச்சொல் அகராதியிலேயே இந்த வழக்கு பதிவாகியிருக்கிறது. கூத்து அடுத்த கட்டத்தில். ரைம் ஆகும் சொல்லையே விட்டுவிடுவார்கள். தலை ‘ஹெட்’, அதற்கு ரைம் ‘லோஃப் ஆஃப் ப்ரெட்’, அதில் ப்ரெட்டைத் தூக்கிவிட்டு “லோஃபை உபயோகி” என்றால் மூளையை உபயோகி என்று அர்த்தம். பார் என்பதற்கு ‘லுக்’, ரைம் ‘புச்சர்ஸ் ஹுக்’, பேச்சில் மிஞ்சுவது ‘புச்சர்ஸ்’ மட்டும். ரைம் தெரியாதவனுக்கு அர்த்தம் கிட்டாது. அர்த்தத்துக்கு ரைம்தான் சாவி என்று சொல்லும்படியான ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

ஜூன் 8, இரவு 8.50

இயைபு ஏன் முழுக்கப் பொருந்தாது என்று 4-ஆம் தேதி பாதியில் விட்டேன். ‘லெட்டர்’, ‘வாட்டர்’ ரைமா என்று இன்று ஒருவர் கேட்டதும் நினைவு வந்தது. நம் காதுக்கு ‘ட்டர்’ ஒத்துவருகிறது, இயைபு என்று எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆகாது. அழுத்தம் விழும் உயிரிலிருந்து கடைசி வரை அப்படியே ஒத்துவர வேண்டும், அதற்கு முந்தைய மெய் மாற வேண்டும். லெட்டரில் அழுத்தம் ‘லெ’ மேல். அதனால் பெட்டர், ஸ்வெட்டர் சரி. வாட்டருக்கு மகளைச் சொல்லும் டாட்டர் சரி. நேஷனுக்கு ஸ்டேஷன் உண்டு, மோஷன் கிடையாது. மோஷனுக்கு ஓஷன் உண்டு, ஸ்பெல்லிங் எவ்வளவு விலகியிருந்தாலும்.

கல்லூரியில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி, நேஷன், மோஷன், மிஷன், பேஷன் என்று முடித்து ஒருவரிடம் ஆசையாகக் காட்டினேன். வாசித்துவிட்டு, “கருத்து நன்றாக இருக்கிறது, ரைம் வைத்திருக்கலாமே” என்றார். நான்கும் ‘ஷன்’ என்று முடிகிறதே என்று அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுத்தம் என்ற ஒன்றை எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம்: கடல் ‘ஸீ’, பார் ‘ஸீ’. ஓசை முழுக்க ஒன்றாகிவிட்டால் ஆங்கிலத்தில் அதை நல்ல ரைமாக எடுத்துக்கொள்வதில்லை, முன் மெய் மாறியே ஆக வேண்டும். தமிழ் இயைபில் ஒரே சொல் திரும்ப வந்தாலும் அழகுதான்.

ஜூன் 8, இரவு 9.05

ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெம்புகோல் ‘லீவர்’ பிரிட்டனில் ஃபீவரோடு சேரும், அமெரிக்காவில் ‘லெவர்’ என்று நெவரோடு சேரும். எழுத்தர் பிரிட்டனில் டார்க்கோடு சேரும் ‘க்ளார்க்’. கடைசி எழுத்து ‘ஸெட்’ என்று சொல்பவர்களுக்கு அகரவரிசைப் பாட்டு முடிவில் இடறும், ‘ஸீ’ என்றால்தான் ‘மீ’யோடு சேரும்.

ஜூன் 9, காலை 10.15

ரைமே இல்லாத சொல் உண்டா என்று கேட்டவருக்கு: மாதத்துக்கான ‘மன்த்’ என்பதற்கு அன்றாடச் சொல் எதுவும் கிடையாது. சில்வருக்கும் பர்ப்பிளுக்கும் இல்லை என்று பரவலாகச் சொல்வார்கள், பெரிய அகராதியில் இருக்கிறது. சில்வருக்கு ‘சில்வர்’ போலவே தமிழில் எழுத வேண்டிய, ‘ச்’ அழுத்தி ஒலிக்கும் ஒரு சொல், பெண் செம்மறிக்குட்டி என்று பொருள். பர்ப்பிளுக்கு ‘ஹர்ப்பிள்’, நொண்டி நடத்தல், ஸ்காட்லாந்து வழக்கு. வகுப்பில் எழுத வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, இரவு 9.40

விளம்பரங்கள் ஏன் ரைமை விடுவதில்லை என்ற கேள்விக்கு ஒரு ஆய்வு நினைவு வருகிறது. 2000-ல் வெளியானது. “வோஸ் யுனைட் ஃபோஸ்”, துன்பம் பகைவரையும் சேர்த்துவைக்கும் என்ற பொருளில் ஒரு வரி. அதே வரியில் ஃபோஸ் இருந்த இடத்தில் பகைவருக்கான இன்னொரு சொல், எனிமீஸ், வைத்து வேறு சிலரிடம் காட்டினார்கள். பொருள் ஒன்றுதான், ரைம் போய்விட்டது. ரைமோடு வாசித்தவர்களுக்கு அந்த வரி கூடுதல் உண்மையாகத் தோன்றியிருக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து நன்றாக ரைம் ஆகும் வாக்கியம் எதைக் கேட்டாலும் ஒருமுறை ரைமை உடைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பல வரிகள் அப்புறம் நிற்பதில்லை.

ஜூன் 11, மாலை 7.30

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மகள் குரல்வளையில் விரல் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சொற்களைச் சோதிக்கிறாளாம். ‘பெட்’ வரிசையில் தலைக்கான ‘ஹெட்’, ‘சொன்னான்’ என்ற ‘ஸெட்’ இரண்டையும் தானே சேர்த்திருக்கிறாள், ஸ்பெல்லிங் மூன்று விதம், யாரும் சொல்லித் தரவில்லை. மனம் குளிர்ந்தது.

அவள் கேட்டிருக்கும் புதுக் கேள்வி: எலும்பு ‘போன்’, கல் ‘ஸ்டோன்’, எல்லாம் ஓ, என், ஈ. எண் ஒன்று மட்டும் ஏன் ‘வன்’? அதுவும் முன்பு அந்த வரிசையில்தான் இருந்தது, நெடில் ‘ஓ’வோடு. முன்னால் ‘வ’ ஒட்டிக்கொண்ட உச்சரிப்பு பிறகு பொதுவாகிவிட்டது. பழைய ஓசை அதன் குழந்தைகளிடம் தங்கியிருக்கிறது. ‘ஒன்லி’ என்று நாம் சொல்வது ‘ஓன்லி’, அதற்குள் ஒன்று இருக்கிறது. தனியாக என்ற ‘அலோன்’ முன்பு இரண்டு சொல்: ‘ஆல்’, ‘ஓன்’, முழுக்க ஒன்றாக. அவளை அலோன், ஸ்டோன், போன் என்று அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், இப்போதும் சேரும்.